அயல்நாட்டில் வளரும் பிள்ளைகள்: புதிதாகக் குடிபெயரும் கிறிஸ்தவப் பெற்றோருக்கு

நாங்கள் குடிபெயர்ந்து நான்காவது வாரம். படுக்கப் போகுமுன் ஏழு வயது மகள் ஜெபித்தாள்: "ஆண்டவரே, எங்களை ஏன் இங்கே கூட்டிக்கொண்டு வந்தீர்? என் பழைய ஆசிரியையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும். ஆமென்." புதிய பள்ளியில் இருந்த ஒருவர் பெயர்கூட அந்த ஜெபத்தில் இல்லை. "ஆண்டவரிடம் அப்படிக் கேட்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும்" என்று திருத்த வாயெடுத்தேன். கணவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து அதே பிள்ளை, தன் வகுப்பில் புதிதாகச் சேர்ந்து யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியின் பெயரைச் சொல்லி ஜெபித்தாள். அந்த இரண்டு ஜெபங்களுக்கும் நடுவில் நாங்கள் கற்றுக்கொண்டதை, இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

வெளிநாட்டில் வாழ்ந்தாலே பிள்ளைக்கு உலகப் பார்வை தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. அலுவலகம், நம் மொழி பேசும் நாலைந்து குடும்பங்கள், நம் மொழிச் சபை, விடுமுறைக்குச் சொந்த ஊர் என்ற வட்டத்துக்குள்ளேயே பத்து ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளின் கடவுச்சீட்டு நிறைய முத்திரைகள் இருக்கும். எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரிந்திருக்காது. எங்கள் அனுபவத்தில், குடியிருக்கும் தெருவை நேசிக்கக் கற்ற பிள்ளைதான் பிறகு உலகத்தையும் நேசிக்கிறது. விட்டுவந்த தெருவுக்காக அழ அனுமதி கிடைத்த பிள்ளைக்குத்தான் புதிய தெருவை நேசிக்க முடிகிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான்.

புறப்படுமுன்

இடம்பெயர்ந்து வளரும் பிள்ளைகளைப் பற்றிப் பல்லாண்டுகள் உழைத்த அமெரிக்கரான டேவிட் போலக், விடைபெறுவதற்கு நான்கு கட்டைகள் கொண்ட ஒரு தெப்பத்தைக் கட்டச் சொன்னார். மனஸ்தாபம் இருப்பவரோடு ஒப்புரவாவது, நன்றி சொல்ல வேண்டியவருக்கு நன்றி சொல்வது, முறையாக விடைபெறுவது, போகும் இடத்தைப் பற்றி முன்கூட்டியே யோசிப்பது என்பவையே அந்த நான்கு. பெரியவர்கள் நான்காவதிலேயே மூழ்கிப்போகிறோம். வீடு, விசா, பள்ளி என்று கையில் ஆயிரம் வேலை. பிள்ளைகளுக்கோ முதல் மூன்றும்தான் மிக முக்கியம்.

புறப்பட இரண்டு மாதங்கள் இருக்கும்போதே தொடங்குங்கள். உங்கள் பிள்ளை யாரோடு சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிறது என்று கேளுங்கள். அந்தச் சண்டையைத் தீர்க்காமல் விமானம் ஏறினால் அதுவும் கூடவே வரும். பிறகு விடைபெறுவதற்கு ஒரு பட்டியல் போடுங்கள். அதில் மனிதர்கள் மட்டும் போதாது. தினமும் நடந்த பாதை, ஞாயிறு பள்ளி நடந்த அறை, வளர்த்த பூனை, எடுத்துப் போக முடியாத சைக்கிள் எல்லாம் அதில் வர வேண்டும். என் மகன் தன் அறையின் சுவரில் கையை வைத்து "போய்வருகிறேன்" என்று சொன்னான். அதற்குச் சிரிக்காதீர்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறிய பெட்டியைக் கொடுத்து, அதில் என்ன வைப்பது என்பதை அவர்களே தீர்மானிக்க விடுங்கள். வயதுவந்தவர் கண்ணுக்கு அது குப்பையாகத் தெரியலாம். இருந்தாலும் கை வைக்காதீர்கள். பள்ளிச் சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலைக் கையில் எடுத்துச்செல்லும் பையில் வையுங்கள்.

முதல் மூன்று மாதங்கள்

வீடு மாறினாலும் மாறாத ஒன்று வீட்டுக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு அது குடும்ப ஜெபம். பழைய வீட்டில் இரவு எட்டரைக்கு ஜெபித்திருந்தால், புதிய வீட்டில் கட்டில்கூட வந்து சேராத முதல் இரவிலும் எட்டரைக்குத் தரையில் உட்கார்ந்து ஜெபியுங்கள். பத்து நிமிடம் போதும். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்று, ஒரு சங்கீதம், ஆளுக்கொரு வாக்கியம்.

அந்த ஒரு வாக்கியம் குறைகூறுவதாக இருந்தால் இருக்கட்டும். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று பதின்மூன்றாம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. நூற்று முப்பத்தேழாம் சங்கீதத்தில், அந்நிய தேசத்தில் பாட்டுப் பாட முடியாதவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். வேதாகமமே இடம் கொடுத்திருக்கும் அழுகையை நம் வீட்டில் ஏன் அடக்க வேண்டும்? "இங்கே எவ்வளவு வசதி, பார்!" என்று பிள்ளையைத் தேற்றுவதைவிட, "உனக்கு எது அதிகமாக ஞாபகம் வருகிறது?" என்று கேட்பது நல்லது. கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். பதில் பல நேரம் விளக்கை அணைத்த பிறகுதான் வரும்.

பள்ளியில் புது மொழி என்றால் பிள்ளை சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள், வாயே திறக்காமல் இருக்கலாம். அது மொழியை உள்வாங்கும் காலம். கூச்சம் என்றோ மந்தம் என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். விளையாட்டுத் திடலில் பேசும் அளவுக்கு மொழி வர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். பாடப்புத்தகத்தில் சகவயதினருக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு வர ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள்வரை ஆகலாம் என்று மொழிக்கல்வி ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனவே முதல் ஆண்டு மதிப்பெண்களை வைத்துப் பிள்ளையை எடைபோட வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். பெற்றோரைவிடப் பிள்ளை விரைவில் மொழி கற்றுவிடும் என்பதற்காக, மருத்துவமனைக்கும் அரசு அலுவலகத்துக்கும் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துப் போகாதீர்கள். அம்மாவின் நோயைப் பற்றி அம்மாவுக்கே எடுத்துச்சொல்லும் சுமையை ஒன்பது வயதுக் குழந்தையின் தலையில் வைக்கக் கூடாது.

வேதாகமத்தை இடம்பெயர்ந்தவரின் கண்ணோடு வாசியுங்கள்

எங்கள் வீட்டில் அதிகம் பலன் தந்த படி இதுதான். சொந்த ஊரில் இருந்தபோது கவனிக்காமல் கடந்துபோன பகுதிகள், குடிபெயர்ந்த பிறகு எங்களைப் பற்றியே எழுதப்பட்டவைபோல் தெரிந்தன. வாரத்துக்கு ஒரு மனிதரை எடுத்துக்கொண்டோம்.

மோசே மீதியானில் பிறந்த தன் மூத்த மகனுக்கு கெர்சோம் என்று பெயரிட்டான். அந்நிய தேசத்தில் பரதேசியானேன் என்பது அதன் கருத்து. இளையவனுக்கு எலியேசர் என்று பெயர்; தேவன் எனக்குத் துணைநின்றார் என்று பொருள். "மூத்தவன் பிறக்கும்போது அவருக்கு அழுகை, இளையவன் பிறக்கும்போது அழுகை நின்றுவிட்டது" என்று மகள் விளக்கம் சொன்னாள். இரண்டு பெயர்களும் ஒரே வீட்டில் கூப்பிடப்பட்டன என்று நான் கூடுதலாகச் சொன்னேன். யோசேப்பும் எகிப்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்படித்தான் பெயர் வைத்தான்: மறதியைச் சொல்லும் மனாசே, சிறுமைப்பட்ட தேசத்திலேயே பலுகிப்பெருகியதைச் சொல்லும் எப்பிராயீம்.

பெயர்ப் பிரச்சினையில் இருக்கும் பிள்ளைக்குத் தானியேலைக் காட்டுங்கள். பாபிலோனில் அவனுக்கு பெல்தெஷாத்சார் என்று வேறு பெயர் போட்டார்கள். பதிவேட்டில் எதை எழுதினாலும் அவன் யாருக்குச் சொந்தம் என்பது மாறவில்லை. இருந்தாலும், உங்கள் பிள்ளையின் பெயரை ஆசிரியர் தப்பாக உச்சரித்தால் நீங்களே பள்ளிக்குப் போய், பெயரை அசை பிரித்து எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த நாள் வருகைப் பதிவின்போது தன் பெயர் சரியாக ஒலித்ததைச் சொல்ல என் மகள் ஓடி வந்தாள். அன்றிரவு அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "உன் வகுப்பில் வேறு யார் பெயரை எல்லோரும் தப்பாகச் சொல்கிறார்கள்?" இரண்டு பெயர்களைச் சொன்னாள். அவற்றைச் சரியாகச் சொல்ல நாங்கள் குடும்பமாகப் பழகினோம்.

தீமோத்தேயுவை மறக்காதீர்கள். தகப்பன் கிரேக்கன், தாய் விசுவாசியான யூத ஸ்திரீ. இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் வளர்ந்தவனுக்குப் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் சிறுவயதிலிருந்தே வேத எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு பவுலோடு ஊர் ஊராகப் போனான். கிலவுதியு இராயனின் கட்டளையால் ரோமாபுரியைவிட்டு வெளியேறி, கொரிந்துவில் கூடாரத்தொழில் செய்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் நம்மைப்போல் வேலையோடு இடம்பெயர்ந்த தம்பதியர்தான். ஏரோதுக்குத் தப்பி எகிப்துக்குத் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தை இயேசுவைப் பற்றிச் சொல்லும்போது, அகதியாக வந்த வகுப்புத் தோழன் ஒருவன் இருந்தால் அவனையும் நினைவுபடுத்துங்கள்.

தெருவுக்காக ஜெபிப்பது

சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இருபத்தொன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்கிறது அந்தக் கடிதம். திரும்பிப் போகும் காலம் 70 ஆண்டுகள் தள்ளி இருக்கிறது என்பதையும் அது மறைக்கவில்லை. "இரண்டே வருடம், பிறகு போய்விடலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கும் பெற்றோர் இந்தக் கடிதத்தை ஒருமுறை உரக்க வாசிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கும் தோட்டம் போடலாம்.

எங்கள் வழக்கம் எளியது. சனிக்கிழமை மாலை பிள்ளைகளோடு குடியிருப்பைச் சுற்றி நடப்போம். வழியில் பார்ப்பவர்களின் பெயரைக் கேட்டு, வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதுவோம். முதல் மாதம் மூன்றே பெயர்கள். படிக்கட்டைச் சுத்தம் செய்பவர், காவலாளி, கீழ்த்தளத்துப் பாட்டி. அவர்களுக்காகக் குடும்ப ஜெபத்தில் ஒரு வாக்கியம் ஜெபிப்போம். ஒரு நாள் பாட்டியை இரண்டு வாரமாகக் காணவில்லை என்று கண்டுபிடித்தது மகன்தான். கதவைத் தட்டினோம், இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். அதன்பிறகு அவருடைய குப்பைப் பையை எடுத்துப்போய்ப் போடும் வேலையை மகன் தானாக ஏற்றுக்கொண்டான்.

எந்தச் சபைக்குப் போவது?

நம் மொழிச் சபையா, அந்த நாட்டு மொழிச் சபையா, பல நாட்டவர் கூடும் சபையா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: பிள்ளைகள் எந்த மொழியில் பிரசங்கத்தைப் புரிந்துகொள்கிறார்களோ அந்த மொழியில் ஆராதிக்க அவர்களுக்கு ஓரிடம் கட்டாயம் வேண்டும். பெற்றோரின் ஏக்கத்துக்காக மட்டும் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தால், பிள்ளைகள் பதினைந்து வயதில் பின்வரிசையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்ப்பார்கள். நம் மொழிச் சபையின் அரவணைப்பும் தேவைதான். பல குடும்பங்கள் வார ஆராதனைக்கு ஒன்றும், மாதக் கூடுகைக்கு இன்னொன்றுமாகப் போகின்றன.

வெவ்வேறு மொழிக்காரர் ஒரே சபையில் இருந்தால் உரசல் வரும். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் தினசரி உணவுப் பகிர்வில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அந்தப் பகிர்வைக் கவனிக்கத் தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறைபட்டவர்களின் பக்கத்திலிருந்தே ஆட்களைப் பொறுப்பில் வைத்தார்கள் போலும் என்பதைப் பதின்வயதுப் பிள்ளைகளோடு பேசுங்கள். அவர்களுக்கு நியாய உணர்வு அதிகம்.

சேருமுன் பிள்ளைகள் பாதுகாப்பைப் பற்றித் தயங்காமல் விசாரியுங்கள். ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்புக்கு இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்களா, ஆசிரியர்களை எப்படித் தேர்வு செய்கிறார்கள் என்று கேளுங்கள். புதிய நாட்டில் தனிமையாக இருக்கும் குடும்பங்கள் எளிதில் எல்லோரையும் நம்பிவிடுகின்றன. வளைகுடா நாடுகள் சிலவற்றில் சபைகள் வெள்ளிக்கிழமை கூடுகின்றன என்பதும் முன்பே தெரிந்திருந்தால் வேலை, பள்ளி நேரங்களைத் திட்டமிட உதவும்.

தாய்மொழியைக் காப்பது

வீட்டில் உங்களுக்கு மிக இயல்பாக வரும் மொழியைப் பேசுங்கள். பிள்ளை பள்ளி மொழியில் பதில் சொன்னாலும் நீங்கள் மாற வேண்டாம். இரண்டு மொழிகளைக் கலந்து பேசுவது குழப்பத்தின் அடையாளம் அன்று. இருமொழிப் பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். தாத்தா பாட்டியோடு வாரம் ஒருமுறை காணொளி அழைப்பு வையுங்கள். "சாப்பிட்டாயா?" என்பதோடு முடியாமல் இருக்க, தாத்தா ஒரு வேதாகமக் கதையைத் தொடர்கதையாகச் சொல்லட்டும். ஜெபத்துக்கு மட்டும் மொழிக் கட்டாயம் விதிக்காதீர்கள். பிள்ளை எந்த மொழியில் அழுகிறதோ அந்த மொழியில் ஜெபிக்கட்டும்.

பிற சமயத்தார் நடுவே

முதலில் சட்டம். வழிபாடு, வீட்டுக் கூடுகை, விசுவாசத்தைப் பகிர்வது ஆகியவை பற்றிய விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். மதமாற்ற நோக்கில் பேசுவதைக் குற்றமாகக் கருதும் நாடுகள் உண்டு. அனுமதி பெற்ற வளாகத்தில் மட்டுமே கூடலாம் என்று விதி உள்ள நாடுகளும் உண்டு. பெற்றோர் அதைச் சரியாகத் தெரிந்துகொண்டு, பயமுறுத்தாமல் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். வயது குறைந்த நண்பனிடம் அவனுடைய பெற்றோருக்குத் தெரியாமல் எதையும் திணிக்கக் கூடாது என்பதை, சட்டம் எப்படி இருந்தாலும், எங்கள் வீட்டில் ஒரு நெறியாகவே வைத்திருக்கிறோம்.

அடுத்தது பள்ளி விழாக்கள். பிற சமய விழாவுக்குப் பள்ளியில் அலங்காரம் செய்யச் சொன்னால் என்ன செய்வது? இங்கே மறுபடியும் தானியேல். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் முழுமையாகக் கற்றான், அவர்கள் இட்ட பெயரோடு வாழ்ந்தான், ராஜாவின் போஜனத்தில் மட்டும் கோடு போட்டான். அதையும் சண்டையாகச் செய்யவில்லை; மரியாதையாகக் கேட்டு, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்றான். எங்கள் வீட்டில் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறோம்: இது தெரிந்துகொள்வதா, மகிழ்ச்சியில் பங்கேற்பதா, வழிபடுவதா? முதல் இரண்டுக்கும் தயக்கமில்லாமல் போகிறோம், நண்பர்களின் வீட்டுக்கு வாழ்த்தோடு போகிறோம். மூன்றாவது என்றால் ஆசிரியரிடம் முன்கூட்டியே நான் போய்ப் பேசுகிறேன். வகுப்பு நடுவில் பிள்ளையைத் தனியாக நிற்க விடுவதில்லை. கோடு எங்கே என்பதில் வேறு குடும்பங்கள் வேறு முடிவெடுக்கலாம். எந்த முடிவானாலும் அதன் காரணம் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மற்றவர் நம்பிக்கையைப் பற்றி வீட்டில் பேசும்போது, அது அவர்கள் காதில் விழுந்தாலும் சரிதான் என்று அவர்களே ஒத்துக்கொள்ளும் விதமாகப் பேசுங்கள்.

சாப்பாட்டு மேசையில் நம் பேச்சு

பிள்ளைகளின் உலகப் பார்வை உருவாகும் இடம் சாப்பாட்டு மேசை. "இந்த நாட்டு ஆட்களே இப்படித்தான்" என்று நாம் ஒருமுறை சலித்துக்கொள்வது பத்து ஞாயிறு பள்ளிப் பாடங்களைத் துடைத்துவிடும். எங்கள் மேசையில் "இவர்கள் எல்லோரும்" என்று தொடங்கும் வாக்கியத்தை நிறுத்த எவருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை அதிகம் பயன்படுத்துவது பிள்ளைகள். அதிகம் நிறுத்தப்படுவது பெரியவர்கள்.

வருமானம் உயர்ந்து, வீட்டு வேலைக்கு ஆள் வைக்கும் நிலை வந்தால் இன்னும் கவனம் தேவை. அவருடைய விடுமுறை நாளை மதிக்கிறோமா, சம்பளத்தை நாள் தவறாமல் கொடுக்கிறோமா, பிள்ளை அவரை எப்படிக் கூப்பிடுகிறது என்பதெல்லாம் பாடங்கள்தான். அந்நியனை உன்னைப்போல் நேசி, நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்களே என்று லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம் சொல்கிறது. நாமும் அந்நியர், அவரும் அந்நியர் என்பது பிள்ளைக்குப் புரிய அதைவிட நல்ல இடம் கிடையாது.

உலக சபையை வீட்டுக்குள் கொண்டுவருதல்

இன்று கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையோர் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் வாழ்கிறார்கள். முழு வேதாகமம் 700-க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்துவிட்டது. எருசலேமின் ஒலிவமலையில் உள்ள ஓர் ஆலயத்தின் சுவர்களில் கர்த்தர் கற்பித்த ஜெபம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பதிக்கப்பட்டிருக்கிறது. இவற்றைச் சொல்லிவிட்டு நின்றுவிடாமல் ஏதாவது செய்யுங்கள். சுவரில் ஒரு உலக வரைபடம் மாட்டி, சபையில் சந்தித்த ஒவ்வொருவரின் நாட்டிலும் ஒரு புள்ளி வையுங்கள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் முதல் வரியை அவரவர் மொழியில் சொல்லித்தரக் கேளுங்கள். எகிப்திய, எத்தியோப்பியக் கிறிஸ்தவ நண்பர் இருந்தால் ஜனவரி 7 அன்று அவருக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லப் பிள்ளையை அனுப்புங்கள். ஏன் வேறு தேதி என்று பிள்ளை கேட்கும்போது, நம் சபை வழக்கம் மட்டுமே கிறிஸ்தவம் இல்லை என்பது பேச்சோடு பேச்சாகப் புரிந்துவிடும்.

பதின்வயதும் திரும்புதலும்

பெற்றோரின் நாடு, வளர்ந்த நாடு இரண்டுக்கும் நடுவில் தமக்கென்று ஒரு பண்பாட்டை உண்டாக்கிக்கொள்ளும் பிள்ளைகளை, சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம் 1950-களில் "மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்" என்று அழைத்தார். பதின்மூன்று, பதினான்கு வயதில் இந்தப் பிள்ளைகளை மிகவும் வதைக்கும் கேள்வி, "உன் ஊர் எது?" என்பதுதான். என் மகன் ஒரு முகாமில் அறிமுக நேரத்தில் எழுந்து நின்று, பதில் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டான். பிறகு இருவரும் சேர்ந்து இரண்டு பதில்கள் தயார் செய்தோம். அவசரமாகக் கேட்பவருக்கு ஒரு வரி, நின்று கேட்பவருக்கு ஒரு கதை.

இந்த வயதில் விசுவாசத்தைப் பற்றிய சந்தேகங்களும் வரும். நல்ல குணமுள்ள பிற சமய நண்பர்களோடு வளர்ந்த பிள்ளை கடினமான கேள்விகளைக் கேட்கத்தான் செய்யும். உடனே பதில் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். "இதை நானும் யோசிக்க வேண்டும், வியாழக்கிழமை பேசலாம்" என்று சொல்லி, வியாழக்கிழமை நிச்சயமாகப் பேசுங்கள். பெற்றோர் அல்லாத ஒரு முதிர்ந்த விசுவாசியும் அந்தப் பிள்ளைக்குத் தேவை. அவர் வேறு நாட்டவராக இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு நாள் சொந்த நாட்டுக்குத் திரும்ப நேரிடலாம். பல பிள்ளைகளுக்குப் போனதைவிடத் திரும்புவதே கடினம். பார்க்க ஊர்ப்பிள்ளை மாதிரி இருப்பார்கள், ஆனால் ஊர் விளையாட்டு தெரியாது, நகைச்சுவை புரியாது. யாரும் அவர்களைப் புதியவர் என்று நினைத்துச் சலுகையும் காட்ட மாட்டார்கள். முதல் ஆறு மாதங்களுக்குச் சபை மேடையில் நிறுத்தி, "வெளிநாட்டு அனுபவத்தைச் சொல்" என்று கேட்க விடாதீர்கள். போகும்போது கட்டிய அதே தெப்பத்தை வரும்போதும் கட்டுங்கள். அந்தச் சிறிய பெட்டியைத் திரும்பவும் எடுத்துக் கொடுங்கள். எங்கள் மகள் இந்த முறை அதில் வைத்தது, கீழ்த்தளத்துப் பாட்டி தன் மொழியில் அவள் பெயரைச் சரியாக எழுதிக் கொடுத்த ஒரு துண்டுக் காகிதம்.